ஒன்றரை நூல்

ஜீயபுரம் அறுப்பு வயலில் ஞாயிறுதோறும் விமானம் விடும் பிள்ளைகளுக்கு,

போன ஞாயிறு உங்கள் வெள்ளை விமானம் மறுபடியும் இடப்பக்கமாகச் சுருண்டு வரப்பில் மூக்கைக் குத்தியபோது நானும் அங்கேதான் இருந்தேன். வாய்க்கால் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பேனே, அந்தப் பெரியவர்தான். விமானத்தைப் பொறுக்க மூன்று பேர் ஓடினீர்கள். மீதி நின்றவர்களில் ஒருவர், ரிமோட் வைத்திருந்த பெண்ணைப் பார்த்து, "உனக்குக் கை வரல, இனிமே நாங்க விடறோம்" என்றார். அவள் பதில் பேசவில்லை. ரிமோட்டைக் கழுத்து வாரோடு கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டிகள் நின்ற புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டாள்.

அந்தப் பெண்ணின் கையில் குற்றம் இல்லை. ஐந்து வாரமாக எல்லோர் முன்னாலும் அவளைச் சொன்னீர்கள். அதற்கான பதிலையும் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாமல் இப்படித் திறந்த மடலாக எழுதுகிறேன். திருப்பராய்த்துறையிலோ பேட்டைவாய்த்தலையிலோ திருச்சிக் கல்லூரிகளிலோ குட்டி விமானம் கட்டுகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் மனசு விட்டுப்போய் டீக்கடைக்குக் கிளம்பியதும், சாமானுக்குக் காவல் இருந்த தம்பியிடம் கேட்டு விமானத்தைக் கையில் வாங்கினேன். பேட்டரி கழற்றித்தான் இருந்தது. வாலைக் கண்ணுக்கு நேரே பிடித்து மூக்கு வரை பார்வையை ஓட்டினேன். ஏதோ உறுத்தியது, ஆனால் கண்ணை நம்பிச் சொல்ல முடியாது. சைக்கிள் பையில் தூண்டில் நரம்பு கிடந்தது. வால் நுனியின் நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தி நரம்பைக் கட்டி, விசிறியின் நுனிவரை இழுத்துப் பிடித்தேன். வலப்பக்கம் ஓர் அளவு. அதே இதழை இடப்பக்கம் திருப்பி இன்னோர் அளவு. இடப்பக்க நுனி வாலுக்கு ஒன்றரை நூல் கிட்டத்தில் இருந்தது.

நூல் என்று தச்சர்களும் கொத்தனார்களும் சொல்வது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒன்றரை நூல் என்றால் ஐந்து மில்லிமீட்டர்கூட முழுசாக வராது. உங்கள் பத்து அங்குல விசிறியில் அது ஒரு பாகைக்குச் சற்று மேல். எஞ்சின், அதாவது உங்கள் மோட்டார், ஒரு பாகை இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது பார்க்க வேண்டியதோ வலப்பக்கம், அதுவும் இரண்டு பாகை.

ஏன் வலப்பக்கம் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். இது தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் மனப்பாடம்.

உங்கள் விசிறி, விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது. பம்புசெட் மோட்டாரைப் போட்டவுடன் அடியோடு ஒரு குலுங்கு குலுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ரோட்டார் ஒரு பக்கம் கிளம்பினால் வெளிக்கூடு எதிர்ப்பக்கம் முறுக்கும். சிமென்ட் திட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பதால் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகாயத்தில் சிமென்ட் திட்டுக்கு எங்கே போவது? விசிறி வலமாகச் சுற்றினால் விமானத்தின் உடல் இடமாக உருளப் பார்க்கும். அதோடு, விசிறி பின்னால் தள்ளும் காற்று நேராகப் போவதில்லை. திரித்த கயிறுபோல உடலைச் சுற்றிக்கொண்டே போய், நட்டுக்கொண்டு நிற்கும் வால் தகட்டை இடப்பக்கமிருந்து அடிக்கிறது. வால் வலப்பக்கம் தள்ளப்பட்டால் மூக்கு எந்தப் பக்கம் போகும்? இடப்பக்கம். இது போதாதென்று, மூக்கைத் தூக்கி ஏறும்போது இன்னொன்றும் சேர்கிறது: கீழே இறங்கி வரும் வலப்பக்க இதழ் காற்றை ஆழமாகக் கடிக்கும், மேலே ஏறும் இடப்பக்க இதழ் மேலோடு கடிக்கும். வலப்பக்கம் இழுவை கூடினால் மூக்கு மறுபடி இடப்பக்கம்.

எல்லாம் ஒரே பக்கம் தள்ளுகின்றன. வேகம் குறைவாகவும் விசை முழுதாகவும் இருக்கும்போதுதான் இவை உக்கிரமாக இருக்கும். கையால் எறிந்து விடுகிறீர்களே, அந்த முதல் சில விநாடிகள் அப்படிப்பட்ட நேரம். உங்கள் விமானம் பெரும்பாலும் விழுந்தது அப்போதுதான்.

பெரிய விமானங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ரைட் சகோதரர்கள் 1903-இல் ஒரே எஞ்சினைக் கொண்டு இரண்டு விசிறிகளை ஓட்டினார்கள். ஒரு சங்கிலியை மட்டும் எட்டு வடிவத்தில் குறுக்கே மாற்றிப் போட்டு, இரண்டையும் எதிரெதிர்த் திசையில் சுற்றவைத்து முறுக்கைத் தீர்த்தார்கள். இத்தாலியின் மாக்கி சி.202 போர் விமானத்தில் இடது இறக்கையை வலதைவிடச் சுமார் 20 செ.மீ. நீளமாகவே செய்தார்கள். ஸ்பிட்ஃபயர் விமானத்தில் மெர்லின் எஞ்சினுக்குப் பதிலாக கிரிஃபன் எஞ்சின் வந்தபோது விசிறி எதிர்த்திசையில் சுற்றியது. அதுவரை ஓடுபாதையில் இடப்பக்கம் இழுத்த விமானம் வலப்பக்கம் இழுத்தது. பழகிப்போன விமானிகள் மற்றக் காலால் மிதிக்கக் கற்க வேண்டியிருந்தது. நம்மைப்போலக் குட்டி விமானம் கட்டுகிறவர்களுக்குக் கிடைத்த வழி இவற்றையெல்லாம்விட எளிது: எஞ்சினையே கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்துவிடுவது. ரைட் த்ரஸ்ட் என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

உங்கள் விமானமும் கட்டி முடித்தபோது அப்படித்தான் இருந்திருக்கும். பொங்கல் கழிந்த வாரம் முதல் முறை மூக்கைக் குத்தியதே, அன்று மோட்டார் பொருத்தும் ஃபயர்வால் பிளைவுட்டின் இடது ஓரம் பிளந்து உள்வாங்கியிருக்கிறது. எபாக்சி பூசி ரப்பர் பேண்ட் போட்டு நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டின் பலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்வாங்கியதை வெளியே இழுக்காமல் உள்வாங்கிய இடத்திலேயே ஒட்டிவிட்டீர்கள். ஒட்டியவர் வருத்தப்பட வேண்டாம். மூன்று பாகை வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. எனக்கே நரம்பு பிடித்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது அந்தப் பெண்ணின் கைக்கு வருகிறேன். இரண்டாவது வாரம் அவள் விட்டபோது விமானம் இடப்பக்கம் இழுத்தது. அவள் ரட்டரை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே பறந்தாள். வட்டம் சுற்றி வந்து இறக்குவதற்காக த்ராட்டிலைக் குறைத்தாள். எஞ்சின் இழுவை போனதும் இடப்பக்க இழுப்பும் போய்விட்டது. பிடித்திருந்த ரட்டர் மட்டும் மிச்சம். விமானம் வலப்பக்கம் வெட்டியது. "லெஃப்ட்டும் போவுது ரைட்டும் போவுது, கை ஆடுது" என்றீர்கள். மூன்றாவது வாரம் யாரோ ரிமோட்டில் ரட்டர் ட்ரிம்மை வலப்பக்கம் ஏழெட்டு கிளிக் தள்ளிவிட்டார். அதற்கப்புறம் அவள் நிலைமை இன்னும் மோசம். ட்ரிம் ஒரு வேகத்துக்கு, ஒரு விசைக்கு மட்டும்தான் பொருந்தும். எறியும்போது போதாது, இறங்கும்போது அதிகம். எஞ்சினின் கோணலை ரட்டரில் மறைத்தால் விமானத்துக்கு இரண்டு குணம் வந்துவிடும். விசை இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது இன்னொன்று. அந்த இரண்டையும் சமாளித்து ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று சுற்று சுற்றிக் காட்டியிருக்கிறாள். உங்களில் அவ்வளவு நேரம் அதை மேலே வைத்திருந்தவர் வேறு யாரும் இல்லை; நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு இதில் என்ன பழக்கம் என்று கேட்பீர்கள். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீராவி எஞ்சின் காலத்தில் சிலிண்டரின் நட்டநடுவே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, அது சக்கர அச்சோடு சேரும் இடத்தை அளப்பார்கள். கம்பி சொல்வதுதான் கடைசி வார்த்தை. மேஸ்திரி சொன்னாலும் கம்பி ஒப்புக்கொண்டால்தான் வேலை நகரும். அதற்கும் முன்னால், சிறுவயதில், எங்கள் தெருவில் மாட்டுவண்டி கட்டும் ஆசாரியிடம் இதையே பார்த்திருக்கிறேன். ஏர்க்கால் நுனியிலிருந்து ஒரு கயிற்றை இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் பிடித்துப் பார்ப்பார். இரண்டும் ஒன்றானால்தான் அச்சை இறுக்குவார். இல்லாவிட்டால் ஒரு மாடு மட்டும் சுமை இழுக்கும் என்பார். நூல் பிடித்தாற்போல என்கிறோமே, அந்தப் பேச்சு இப்படிப்பட்ட கைகளிலிருந்துதான் வந்திருக்கும்.

மாதிரி விமானமும் புதிதில்லை. பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது கண்ட்ரோல் லைன் விமானம் விட்டிருக்கிறேன். ரிமோட் கிடையாது. இரண்டு மெல்லிய கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று சுழல வேண்டும். விமானம் நம்மைச் சுற்றி வரும். ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளின் வாசனை இரண்டு நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது. அதிலும் எஞ்சினை வலப்பக்கம் திருப்பி வைப்பார்கள், ஆனால் காரணம் வேறு: விமானம் இடமாகச் சுற்றுவதால் வலப்பக்கம் என்பது வெளிப்பக்கம், எஞ்சின் வெளியே இழுத்தால்தான் கம்பி விறைப்பாக நிற்கும். முதல் தடவை எஞ்சினை நான்தான் பொருத்தினேன். விமானத்துக்கு எதிரே உட்கார்ந்து, என் வலக்கைப் பக்கம் திருப்பி இறுக்கினேன். என் வலது, விமானத்தின் இடது. பாதிச் சுற்றில் கம்பி தொய்ந்தது, எலிவேட்டர் கேட்கவில்லை, விமானம் உள்ளே பாய்ந்து என் காலுக்கு மூன்று தப்படி தள்ளி நொறுங்கியது. அன்றிலிருந்து எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் விமானத்தின் வால் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வலது இடது எல்லாம் விமானி இருக்கையிலிருந்துதான்.

அளக்கும் முறையை விவரமாகவே எழுதுகிறேன், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றி மேசையின் மறுகோடியில் வையுங்கள். விசிறி மாட்டியிருக்கும் எலக்ட்ரிக் மோட்டார் பக்கத்தில் இதற்கு விலக்கே கிடையாது. விரல் போனால் வராது. பிறகு இறக்கையும் வாலும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு இறக்கை நுனிகளிலிருந்தும் வால் நடுவுக்கு உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் கிடைவால் இறக்கைக்கு இணையாக இருக்க வேண்டும். இறக்கையில் முறுக்கு இருந்தால் அதுவும் இடப்பக்கம் இழுக்கும், நீங்கள் எஞ்சினைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். எடைமையம் வரைபடத்தில் காட்டிய இடத்தில் இருக்கட்டும்.

இனி நரம்பு. நரம்போ நூலோ இழுத்தால் நீளும், இரண்டு பக்கமும் ஒரே இழுப்பாகப் பிடியுங்கள். தையல்காரர் டேப்பும் அப்படித்தான். இரும்பு டேப் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் விமானத்தில் இறக்கை ரப்பர் பேண்டில் நிற்பதால் அதைக் கழற்றிவிட்டால் நரம்புக்கு வழி கிடைக்கும். வால் நடுவில் குண்டூசி. விசிறியைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஓர் இதழில் மையால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிவரை நரம்பை இழுத்து, நரம்பில் குறி போடுங்கள். விசிறியை அரைச்சுற்று திருப்பி, அதே இதழ் மறுபக்கம் வந்ததும் மறுபடி குறி போடுங்கள். அதே இதழ் என்பதைக் கவனியுங்கள். இரண்டு இதழ்களையும் தனித்தனியாக அளந்தால், ஓர் இதழ் கொஞ்சம் வளைந்திருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். ஒரே இதழை இரண்டு பக்கமும் வைத்து அளந்தால் அந்த வளைவு இரண்டு அளவிலும் சேர்ந்து தானே கழிந்துபோகும்.

பத்து அங்குல விசிறிக்கு ஒரு பாகை என்றால் இரண்டு குறிகளுக்கும் இடையே சுமார் 4.4 மி.மீ. இருக்கும். இரண்டு பாகைக்கு 8.8 மி.மீ., அதாவது மூன்று நூலுக்குக் கொஞ்சம் குறைவு. வலப்பக்க நுனி வாலுக்குக் கிட்டத்தில் இருந்தால் எஞ்சின் வலப்பக்கம் பார்க்கிறது என்று பொருள். இன்னொரு நுணுக்கம் உண்டு. விசிறியின் மையம் உடலின் நடுக்கோட்டில் இல்லாமல் ஐந்து மி.மீ. ஒதுங்கியிருந்தால், உங்கள் விமானத்தின் நீளத்துக்கு ஒன்றரை மி.மீ.வரை அளவு தவறாகக் காட்டும். எஞ்சினை வலப்பக்கம் திருப்பினால் விசிறி மையமும் வலப்பக்கம் ஒதுங்கும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் மோட்டாரை முதலிலேயே கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் பொருத்துகிறார்கள்.

மேல் கீழ்க் கோணத்துக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். கிடைவாலின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை வாலுக்கு அடியில் அட்டை கொடுங்கள். விசிறியைச் செங்குத்தாக நிறுத்தி, மேல் நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் கீழ் நுனிக்கு முன்னால் விழுந்தால் எஞ்சின் கீழ்நோக்கிப் பார்க்கிறது, டவுன் த்ரஸ்ட். இடைவெளிக் கணக்கு முன்னே சொன்னதேதான். உங்களுடையது மேலே இறக்கை வைத்த பழகு விமானம். முழு விசையில் மூக்கைத் தூக்கும் சுபாவம் அதற்கு உண்டு. இரண்டு பாகை கீழே, இரண்டு பாகை வலம் என்று தொடங்கலாம். தாழ இறக்கை வைத்த விமானத்துக்கு இவ்வளவு டவுன் த்ரஸ்ட் பெரும்பாலும் தேவைப்படாது.

திருத்துவதற்கு வாஷர். மூன்று மி.மீ. திருகுக்குரிய வாஷர் அரை மி.மீ. கனம். மோட்டார் பிடிப்பின் துளைகளுக்கு இடையே 30 மி.மீ. இருந்தால் ஒரு வாஷர் ஏறக்குறைய ஒரு பாகை. இடப்பக்கத் திருகுகளுக்கு அடியில் வாஷர் போட்டால் எஞ்சின் வலப்பக்கம் திரும்பும். மேல் திருகுகளுக்கு அடியில் போட்டால் கீழே குனியும். ஆனால் உங்கள் விமானத்துக்கு முதலில் பழைய ஒட்டைப் பெயர்த்து, புது பிளைவுட் வைத்து நேராக்குங்கள். கோணலான சுவருக்கு மேல் வாஷராக அடுக்கிக்கொண்டே போனால் அடுத்த அடியில் மொத்தமாகப் பிய்ந்து வரும்.

மேசையில் வந்த அளவு தொடக்கம்தான், தீர்ப்பு ஆகாயத்தில். மாசிக் காலையில் பனி விலகி, காற்று எழும்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கிறதே, அது பொன்னான நேரம். ஆனி ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது இந்தச் சோதனை செய்யாதீர்கள், காற்றின் வேலையை எஞ்சினின் வேலையாக நினைத்துவிடுவீர்கள். பாதி விசையில் நேராகப் பறக்கும்படி வைத்துக்கொண்டு, சட்டென்று முழு விசை கொடுங்கள். கொடுத்த கணத்திலேயே மூக்கு தூக்கினால் டவுன் த்ரஸ்ட் போதவில்லை. இரண்டு மூன்று விநாடி கழித்து, வேகம் ஏறிய பிறகு மெள்ளத் தூக்கினால் எஞ்சினைத் தொடாதீர்கள். எடைமையத்தையும் இறக்கைக் கோணத்தையும் பாருங்கள். இந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஒருவர் ரிமோட்டையும் இன்னொருவர் விமானத்தையும் மட்டுமே கவனிக்க வேண்டும். வலப்பக்கக் கோணத்துக்கு, காற்றுக்கு எதிரே உங்களை விட்டு நேராகப் போகச் செய்து, இறக்கை சமமாக இருக்கும்போது முழு விசையில் செங்குத்தாக ஏற்றிப் பாருங்கள். இடப்பக்கம் நழுவினால் ஒரு வாஷர் கூட்டுங்கள். வலப்பக்கம் நழுவினால் ஒன்றைக் கழற்றுங்கள். மூன்று முறை ஏற்றி மூன்றிலும் அப்படியே நழுவினால் மட்டும் கை வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வாஷர். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இடத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கரூர் ரயில் பாதையின் மேல் மின்கம்பி போகிறது. அந்தப் பக்கம் திரும்பும் வட்டம் வேண்டாம், வாய்க்கால் பக்கமே சுற்றுங்கள். பங்குனித் திருநாளில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து நம் ஊருக்கு எழுந்தருளும்போது சாலையிலும் வயலிலும் ஜனம் நிறைந்திருக்கும். அன்றைக்கு விமானம் வீட்டிலேயே இருக்கட்டும். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கும் சேர்த்துத்தான். டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசின் வான்வெளி வரைபடத்தில் நம் வயல் பச்சை மண்டலத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையில் 120 மீட்டர் உயரம்தான் வரம்பு. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு மேல் விடாதீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது வாரமே எனக்குச் சந்தேகம் வந்தது. பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு மூன்று வாரமும் அவள்தான் பேச்சுக் கேட்டாள். நான் அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தூக்குக்குண்டு, ரசமட்டம், தூண்டில் நரம்பு மூன்றையும் நான் கொண்டுவருகிறேன். ஃபயர்வாலுக்கு ஆறு மி.மீ. பிளைவுட் துண்டும் என்னிடம் இருக்கிறது. பசை காய்வதற்கு நேரம் வேண்டும் என்பதால், முடிந்தால் சனிக்கிழமை சாயங்காலமே விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். டீக்கடைக்காரருக்கு என் வீடு தெரியும். ரிமோட்டில் ட்ரிம் எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முதல் முறை அவள் விடட்டும்.

அன்புடன்,
வாய்க்கால் கரைப் பெரியவர்
ஜீயபுரம்